பத்து கார்டில் ஒன்றைத்தான் பார்த்தேன்

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசியில், போடியில் நடந்தது இது. அந்த மாதம் எங்களுக்கு மழையைவிட இடிக்குத்தான் பயம். மெட்டு மலைப் பக்கம் ஒரு இடி இறங்கினால் போதும், மறுநாள் காலையில் நாலு கம்ப்யூட்டராவது என் கடைக்கு வந்துவிடும். பதினெட்டு வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தேன் அப்போது. ஏலக்காய் வியாபாரிகளின் ஆபீஸ்கள்தான் எனக்குச் சோறு போட்டன.

அவர்களில் ஒரு முதலாளிக்குக் கீழே குடோன், மாடியில் ஆபீஸ், மலையில் சொந்த எஸ்டேட். ஆபீசில் ஏழு கம்ப்யூட்டர்கள். ஏழும் ஒரே வயசு கிடையாது. பழைய சாப்ட்வேருக்காக விடாமல் வைத்திருந்த கிழடு இரண்டு, இடையில் வாங்கியவை மூன்று, புத்தம் புதுசு இரண்டு. அந்த வருட இடி நெட்வொர்க் ஒயர் வழியாக இறங்கி, ஏழிலும் ஒயர் சொருகும் இடத்தைச் சாகடித்துவிட்டது. கம்ப்யூட்டர்கள் ஓடின, ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லை. குடோனில் தரம் பிரித்த விவரத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஒருவர் நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கினார். ஏழுக்கும் தனியாக நெட்வொர்க் கார்டு வாங்கிப் பொருத்த வேண்டும், ஒயரும் புதிதாக இழுக்க வேண்டும்.

என் வேலைதானே இது என்று தெம்பாகப் போனேன். போனால், அங்கே அவளும் இருக்கிறாள்!

பக்கத்துச் சிலமலைக் கிராமத்துப் பெண். கோயம்புத்தூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு வந்து, என் தெருவிலேயே எட்டுக் கடை தள்ளி சர்வீஸ் கடை போட்டிருந்தாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது. அவள் கடை வாசலில் எத்தனை பைக் நிற்கிறது என்று எண்ணாமல் எனக்கு ஒரு நாளும் விடிந்ததில்லை. வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான். "அந்தப் பிள்ளை கடையில பல்பு மாத்துனது வரைக்கும் சொல்றீங்க. நம்ம வீட்டு அடுப்படியில பல்பு போயி ஒரு வாரமாச்சு, அது தெரியுதா?" என்று மனைவி இடித்துக் காட்டுவாள்.

"வா ஆத்தா, உக்காரு" என்று முதலாளி அவளுக்குத் தன் கையால் நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினெட்டு வருடமாக அந்த ஆபீசில் நான் நின்றுகொண்டேதான் டீ குடித்திருக்கிறேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

எந்தக் கார்டை நம்பி வாங்கலாம் என்பதுதான் முதலாளியின் கேள்வி. மதுரையிலிருந்து நான் வரவழைத்திருந்த பத்து கார்டு உள்ள பெட்டியை மேஜையில் வைத்தேன். ஒன்றை எடுத்து அங்கிருந்த புதுக் கம்ப்யூட்டரில் பொருத்தி, என் லேப்டாப்பிலிருந்து ஒரு பெரிய பைலை அனுப்பிக் காட்டினேன். பறந்து போய்ச் சேர்ந்தது. முதலாளி தலையாட்டினார்.

அவள் மட்டும் ஆட்டவில்லை. "அண்ணே, ஒண்ண வச்சுச் சொல்ல முடியாதுண்ணே. ஒவ்வொரு கார்டையும் அது போகப்போற கம்ப்யூட்டர்லயே போட்டு, நாள் பூரா ஓட விட்டுப் பாக்கணும். ஒரு வாரம் குடுங்க, பாத்துச் சொல்றேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் முதலாளி, மூட்டைக்குள்ள கைய விட்டு ஒரு பிடி அள்ளித்தான நீங்க சரக்கு வாங்குறீங்க? ஒவ்வொரு காயாவா உரிச்சுப் பாக்குறீங்க?" என்று கேட்டேன். முதலாளி சிரித்துவிட்டார். "அதுவுஞ் சரிதான். எனக்கு வெரசா முடியணும்ப்பா" என்று கார்டு வேலையை என்னிடமும் ஒயர் வேலையை அவளிடமும் கொடுத்தார். அதோடு விட்டாரா? "இத நல்லபடியா முடிச்சிட்டேன்னா மலையில எஸ்டேட்டு சோலியும் உனக்குத்தான் ஆத்தா" என்றார். ஜெயித்தது நான். பரிசு மட்டும் அவளுக்கு! அன்று முழுக்க எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

எல்லாம் பொருத்தி நாலாம் நாள் முதலாளியிடமிருந்து போன். "என்னப்பா, அந்தக் கிழடு ரெண்டும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா மக்கர் பண்ணுது. நெட்வொர்க்கு போயிப் போயி வருது."

நான் போய்ப் பார்க்கவில்லை. ஒரு கம்ப்யூட்டரைக்கூடத் திறக்கவில்லை. கடையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ஒயர் நுனியச் சரியா மாட்டியிருக்க மாட்டா முதலாளி. புதுக் கை பாருங்க" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அவளைக் கூப்பிட்டுவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் போனேன். எல்லா ஒயர் நுனிகளையும் வெட்டிவிட்டுப் புதிதாக மாட்டினாள். கிழடு இரண்டின் மூடியையும் கழற்றி உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் அப்போது கணக்குப்பிள்ளையோடு அரட்டையில் இருந்தேன். கடைசியில் ஓடவிட்டுப் பார்த்தால், பத்து நிமிடத்தில் நெட்வொர்க் பழையபடி படுத்துக்கொண்டது.

ஆபீஸ் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் முதலாளி சொன்னார்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிறணும் ஆத்தா. எஸ்டேட்டு சோலிக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. என்னை ஒரு தடவை பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அன்று வீட்டில் வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடச் சாப்பிட்டேன்.

அடுத்து முதலாளி என்னைச் சரிசெய்யச் சொன்னார். கிழடு இரண்டிலும் இருந்த கார்டுகளைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கார்டில் இருக்கும் சிப்பின் மேல் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதை உரித்தேன். உள்ளே வேறு ஏதோ பெயர் தெரியாத சிப், பழைய கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகாத ரகம். மிச்சமிருந்த மூன்றையும் உரித்தேன். இரண்டில் நல்ல சிப், ஒன்றில் இந்தத் தரித்திரம். ஒரே பெட்டி, ஒரே ஸ்டிக்கர், உள்ளே இரண்டு விதம்! நல்ல கார்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கிழடுகளில் பொருத்தினேன். மதியம் வரை ஒரு தடவைகூட அறுபடவில்லை. நான் முதல் நாள் காட்டியது நல்ல கார்டாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். ஒயரில் ஒரு குற்றமும் இல்லை.

கடைக்குத் திரும்பி, கழற்றிய கார்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோதுதான் இன்னொன்று உறைத்தது. அவற்றில் ஒன்றிலிருந்து உரித்த ஸ்டிக்கரில், நான் கை வைக்காத ஓரத்தில் நகக் கீறலும் மடிப்பும் இருந்தன; எனக்கு முன்பே யாரோ அதைப் பிரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? சமயம் பார்த்து என்னைக் கவிழ்க்கப் போகிறாள் என்றுதான் என் புத்தி முதலில் நினைத்தது.

நேராக அவள் கடைக்குப் போனேன். அந்தப் படியை அன்றுதான் முதல் தடவையாக மிதித்தேன். ஏதோ லேப்டாப்பைப் பிரித்துப் போட்டிருந்தாள். "வாங்கண்ணே" என்றாள், முகத்தில் சிரிப்பில்லை.

"அந்த ஸ்டிக்கரப் பிரிச்சது நீதான?"

"ஆமா."

"பெறகு ஏன் முதலாளிகிட்டச் சொல்லல?"

திருப்புளியைக் கீழே வைத்தாள். "சொன்னா நம்பியிருப்பாராண்ணே? ஒயரு சரியில்லைன்னு நீங்க போன்ல சொன்னீங்க, அவரு நம்பிட்டாரு. பதினெட்டு வருசமாப் போற வர்ற ஆளு நீங்க. நான் கார்டு மேல குத்தஞ் சொன்னா, இவ தப்பிக்கப் பாக்குறான்னுதான் நெனப்பாரு. அங்க நின்னு அழுதுறக் கூடாதுன்னுதான் இறங்கி வந்துட்டேன்" என்றாள். சட்டென்று குனிந்து திருப்புளியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்து டீக்கடையில் அரை மணி நேரம் நின்றேன். யோக்கியன் மாதிரி உடனே ஓடினேன் என்று சொல்லமாட்டேன். கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது, ஒயரையும் நானே சரிசெய்தேன் என்று சொல்லிவிடலாம், எஸ்டேட் வேலையும் எனக்கே வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அவள் அழுகையை அடக்கிக்கொண்டு நின்ற முகம் விடவில்லை.

குடோனில் முதலாளி காய் சலிக்கும் சல்லடைப் பக்கம் நின்றிருந்தார். கார்டைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு பிடி பாத்துச் சரக்கு வாங்குவேன், நெசந்தான். ஆனா அனுப்பும்போது சாக்க அவுத்துச் சல்லடையில கொட்டிப் பாக்காம ஒரு மூட்டை இங்கருந்து போயிருக்கா? அதையும் நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த?" என்றார்.

"பாத்திருக்கேன் முதலாளி" என்றேன்.

"கார்டுல மோசம் போயிட்ட, சரி. அந்தப் பிள்ளையை எதுக்குச் சொன்ன?"

"பொறாமை முதலாளி" என்றேன்.

அங்கேயே, சல்லடை ஆட்டிக்கொண்டிருந்தவர்கள் காதில் விழ, அவளுக்குப் போன் போட்டார். "ஆத்தா, விசாரிக்காமப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காத. நாளைக்குக் காலைல ஜீப்பு வரும், எஸ்டேட்டுக்குப் போய்ட்டு வா" என்றார். என் பக்கம் திரும்பி, "நீ கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதப்பா" என்றார். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அந்த ஆபீஸ் இப்போது அவள் பொறுப்பில்தான் இருக்கிறது.

திருந்திவிட்டேன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். எஸ்டேட் ஜீப் அவள் கடை வாசலில் நிற்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. எந்தக் கார்டு வந்தாலும் இப்போது நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கிறேன், அது தொழில். ஆனால் என்னை நம்புகிற ஒருவர் முன்னால் இன்னொருவரின் வேலையைப் பற்றி வாயைத் திறக்கும்போதுதான், என் பேச்சை அவர் விசாரிக்காமலே நம்பிவிடுவாரே என்று எனக்குப் பயமாக இருக்கிறது.