பந்தை யாருக்கும் தராத பாயிண்ட் கார்டு

அந்த வருஷம் ஷில்பாவுக்குக் கண் பட்டுவிட்டது என்று எங்கள் கல்லூரியில் இன்றும் சொல்கிறார்கள். கண்ணும் படவில்லை, காதும் படவில்லை. அவள் பூசணிக்காய் மேல் கால் வைத்தாள். அந்தப் பூசணிக்காயை உடைத்ததே அவளைக் காப்பாற்றத்தான். விஷயம் இவ்வளவுதான். இப்படிச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும் என்பதால் யாரும் சொல்வதில்லை. நானும் வாயால் சொன்னதில்லை. நாலு பேர் கூடி நின்றால் எனக்கு வார்த்தை வராது. எழுதுவதில் அந்தச் சிரமம் இல்லை.

மைசூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் ரூம் அட்டெண்டராக இருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. வரைதான் படிப்பு. பந்துக்குக் காற்றடிப்பது, வளையத்தில் நெட் கட்டுவது, கோர்ட்டில் கோடு போடுவது, ஜெர்சி துவைத்து மடிப்பது, மேட்ச் நடக்கும்போது போர்டில் ஸ்கோர் மாற்றுவது எல்லாம் என் வேலை. இப்போது இந்த வேலைக்கு வருகிற பெண்கள் கைதட்டலைக் கேட்டு ஏமாறாமல் இருக்க வேண்டும். அதற்காகத் தொண்ணூறுகளில் நடந்த ஒரு சீசனைப் பற்றி எழுதுகிறேன்.

1. வெட்டுவதற்கென்றே அழைத்த அணிகள்

எங்கள் ஃபிசிக்கல் டைரக்டரை பி.டி. மேடம் என்போம். பெங்களூர்த் தமிழர். தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். சீசன் தொடக்கத்தில் மைசூர் முழுக்கத் தேடி, இருப்பதிலேயே நோஞ்சான் அணிகளைப் பொறுக்கி எங்கள் கோர்ட்டுக்கு அழைப்பது அவர் வழக்கம். அதற்கு வார்ம்-அப் மேட்ச் என்று பெயர்.

"பொண்ணுங்களுக்கு முதல்ல தைரியம் வரணும் ஸ்டெல்லா. ஜெயிச்சு ஜெயிச்சுப் பழகணும்" என்பார்.

அந்த வருஷம் முதலில் வந்தது ஒரு பள்ளிக்கூட அணி. எங்கள் பெண்களின் தோளுக்குக்கூட வராத குழந்தைகள். அடுத்து ஒரு பாலிடெக்னிக். அவர்கள் அதுவரை த்ரோபால் ஆடியவர்கள். பந்து கைக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் உடனே எதிர்ப்பக்கம் வீசினார்கள். மூன்றாவது ஒரு நர்ஸிங் பள்ளி. இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தார்கள். டைம்-அவுட்டில் ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

இந்த மூன்று அணிகளையும் எங்கள் ஷில்பா தனி ஆளாகத் தோற்கடித்தாள்.

ஷில்பா பாயிண்ட் கார்டு. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பந்தை எடுத்துக்கொண்டு மேலே போய், யார் காலியாக நிற்கிறார்கள் என்று பார்த்து, அவள் கையில் சேர்ப்பதுதான் பாயிண்ட் கார்டின் முதல் வேலை. தான் கூடையில் போடுவது அதற்கு அப்புறம். இது பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. சில வருஷம் கோர்ட் ஓரத்தில் கட்டிப்போட்டால் எருமைக்கும் தெரிந்துவிடும்.

ஷில்பா பந்தை எடுத்தால் அப்புறம் அது அவளுடைய சொந்தப் பந்து. நடுக்கோட்டைத் தாண்டி, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி, எதிரில் வாய் பிளந்து நிற்கும் பள்ளிக்கூடக் குழந்தையைக் கடந்து கூடையில் போடுவாள். அந்தச் சுற்றுக்கு ஒரே கைதட்டல். மற்ற நாலு பேரும் அவளுக்குப் பின்னால் காலை ஓட்டம் போவதுபோல ஓடிவிட்டுத் திரும்பி வருவார்கள்.

தேவராஜ மொஹல்லாவில் பாத்திரக்கடை வைத்திருந்த அவள் அப்பா ஒவ்வொரு மேட்சுக்கும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். தூங்கிப்போன நர்ஸிங் பெண்ணைத் தாண்டி மகள் கூடையில் போட்டபோதும் எழுந்து நின்று கைதட்டினார்.

2. காலை பிரேயர்

மேட்சுக்கு மறுநாள் காலை பிரேயரில் மைக் பிடித்து பி.டி. முடிவை அறிவிப்பார். ஸ்கோர் ஷீட்டில் என்னென்னவோ இருக்கும். அவர் படிப்பது யார் எத்தனை பாயிண்ட் என்பதை மட்டும்தான். ஷில்பா இருபத்தாறு. கைதட்டல். ஷில்பா முப்பத்தொன்று. மறுபடி கைதட்டல். பாஸ் கொடுத்தவள் பெயரை பிரேயரில் படித்து நான் கேட்டதே இல்லை.

அந்தப் பெண்ணை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பந்தைக் கொடுத்தால் பெயர் வராது, கொடுக்காவிட்டால் மைக்கில் வரும். பத்தொன்பது வயதுப் பெண் வேறென்ன செய்வாள்?

ஒருநாள் ஷில்பா ஜெர்சி வாங்க வந்தபோது, கொஞ்சம் தைரியம் வரவழைத்துக்கொண்டு, "கூடைக்கு அடியில நிக்கற ரோஸ்லினுக்கும் பந்து குடேம்மா" என்றேன்.

ஷில்பா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கன்னடத்தில் சொன்னாள்: "எதுக்குக்கா? குடுத்தா அவ மிஸ் பண்ணுவா. அவ மிஸ் பண்ணா என் பாஸ் வேஸ்ட்."

"நீயும் மிஸ் பண்றியே?"

"நான் மிஸ் பண்ணா அது ட்ரை, அக்கா."

நான் ஜெர்சியை எடுத்துக் கொடுத்தேன்.

3. ரோஸ்லினின் அறை

ரோஸ்லின் எங்கள் சென்டர். கூடைக்கு அடியில் நிற்கும் உயரமான பெண். ஊர் மார்டள்ளி. மாதேஸ்வரன் மலைப் பக்கம். அங்கிருந்து தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்கு வர முடியாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஹாஸ்டல் அறை கிடைத்ததால்தான் அவளால் படிக்க முடிந்தது. அறை போனால் படிப்பும் போகும். அவள் அப்பா அதைத் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

அந்த அறைக்கு இன்னொரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். ஈட்டி எறிபவள். ஈட்டி எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. சிபாரிசு பெங்களூர் வரை போனது.

நர்ஸிங் மேட்ச் முடிந்ததும் பி.டி. ரோஸ்லினை ஸ்போர்ட்ஸ் ரூமுக்கு அழைத்தார்.

"மூணு மேட்ச்ல நீ போட்டது எவ்வளவு? எட்டு பாயிண்ட். சும்னே உயரமா இருக்கேன்னு ரூம் குடுக்க முடியுமா? இன்டர்-காலேஜ் முதல் ரவுண்டுல பாப்பேன். அப்பவும் இதே கதைன்னா தசரா லீவுக்குப் போறப்ப ரூமைக் காலி பண்ணிடு."

"சரிங்க மேடம்" என்றாள் ரோஸ்லின்.

பி.டி. போனதும் அவள் என் பக்கம் திரும்பினாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

"நானு அங்க கொடிக்கம்பமாட்ட நிக்கறனுங்க்கா. பந்து என்ன நெறம்னே மறந்துபோச்சுங்க. எட்டுப் பாயிண்டும் வளையத்துல பட்டுத் தெறிச்சு வந்ததுங்க. யாரும் குடுத்ததில்லீங்க."

"பி.டி.கிட்டச் சொல்றதுதானே?"

"சொன்னா, பொறாமைப்படறேம்பாங்க. ஏனுங்க்கா, அந்தப் பந்தைப் புடுங்கறதுக்கு எதுத்தாப்பல இருக்கற டீமுல சேந்துக்கலாமுங்களா?"

4. மண்டியாவில்

நாலாவது மேட்ச் மண்டியாவில், ஒரு நிஜமான அணியோடு. இது நட்பு மேட்ச்தான் என்றாலும் அவர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தார்கள்.

முதல் ஐந்து நிமிஷம் அவர்களின் கோச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சில் இருந்து எழுந்து, கோர்ட் முழுக்கக் கேட்கும்படி கன்னடத்தில் கத்தினார்: "மத்தவங்களை விட்டுடுங்கம்மா! பந்து அங்கெல்லாம் போகாது!"

அவ்வளவுதான். இரண்டு பேர் ஷில்பாவை ஒட்டி மறித்து நின்றார்கள். மூன்றாவது ஒருத்தி பக்கத்தில் காத்திருந்தாள். ஷில்பா சுற்றினாள். சுற்றி முடிக்கும்போது பந்து இல்லை. மறுபடி சுற்றினாள். மறுபடி இல்லை. கூடைக்கு அடியில் ரோஸ்லின் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தன்னந்தனியாக நின்றாள். அவளைக் காவல் காக்க எதிரணியில் ஒருத்தியும் இல்லை. அந்தக் கை கடைசி விசில் வரை காலியாகவே இருந்தது. நாங்கள் தோற்ற விதத்தைப் பார்த்து மண்டியாக்காரர்களே கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பி.டி. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"கண்ணுதான் பட்டிருக்கு ஸ்டெல்லா. பிரேயர்ல எல்லார் முன்னாடியும் படிச்சேன் பாரு, பட்டுடுச்சு. அந்த நர்ஸிங் பொண்ணுங்க பார்த்த பார்வையே சரியில்ல."

அந்த நர்ஸிங் பெண்கள் பாதிக் கண்ணைத்தான் திறந்திருந்தார்கள்.

5. பூசணிக்காய்

இன்டர்-காலேஜ் முதல் ரவுண்டு தசராவுக்கு முன் எங்கள் கோர்ட்டிலேயே வந்தது. தேவராஜா மார்க்கெட்டில் ஆயுத பூஜைக்கான பூசணிக்காய்கள் குவியத் தொடங்கியிருந்தன. பிரின்சிபால் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். ரோஸ்லின் காலையில் சாப்பிடவில்லை என்று ஹாஸ்டல் பெண்கள் சொன்னார்கள்.

எங்களுடையது திறந்தவெளி சிமெண்ட் கோர்ட். சுற்றிலும் கம்பிவலை. உள்ளே போக ஒரே வழி. எல்லோரும் உள்ளே போய் வரிசையாக நின்ற பிறகு கடைசியில் தனியாக ஓடி வருவது ஷில்பாவின் பழக்கம். கைதட்டலை யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை அல்லவா?

அன்றும் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஷில்பாவின் அப்பா இறங்கினார். கையில் குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு பெரிய பூசணிக்காய். மேலே துளை போட்டுக் குங்குமம் நிரப்பி, கற்பூரம் வைத்திருந்தார். பி.டி. முன்னாலேயே சொல்லி வைத்த ஏற்பாடு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கற்பூரத்தைக் கொளுத்தி மகளுக்குத் திருஷ்டி சுற்றினார். பிறகு கோர்ட் வாசலிலேயே ஓங்கிப் போட்டு உடைத்தார். சிவப்புத் தண்ணீரும் சதையும் விதையுமாக வாசல் முழுக்கச் சிதறியது. வெளியூர் அம்பயர் ஒருவர் வாயைத் திறந்தார். கூட இருந்த மைசூர் அம்பயர் அவர் கையை அழுத்தி வேறு பக்கம் பார்க்கச் சொன்னார்.

நான் துடைப்பத்தோடு போனேன். பி.டி. பாய்ந்து வந்து தடுத்தார்.

"பேடா, பேடா! தொடாதே! கழிச்ச திருஷ்டியைக் கூட்டுவாங்களா? மேட்ச் முடியட்டும்."

"காலு வழுக்குமே மேடம்..."

"சும்னே இரு ஸ்டெல்லா."

நான் துடைப்பத்தைக் கீழே வைத்தேன்.

அப்பா மகளிடம் சொன்னார்: "மிதிச்சுட்டுப் போ மகளே. திரும்பிப் பாக்காதே. நேரா உள்ள போ."

ஷில்பா மிதித்துக்கொண்டு போனாள். புது ஷூ. அடியில் ஆழமான பள்ளங்கள். அதில் பூசணிச் சதை நன்றாக ஏறிக்கொண்டது. கோர்ட்டில் அவள் ஓடிய வழியெல்லாம் சிவப்பு அடையாளம். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆட்டத்தைத் தொடங்க நடுவில் தூக்கிப் போடும் ஜம்ப் பால் எங்களுக்கு வந்தது. ஷில்பா பந்தை எடுத்தாள். நடுக்கோட்டைத் தாண்டினாள். அந்தப் பிரசித்தி பெற்ற சுற்றை ஆரம்பித்தாள். உடம்பு சுற்றியது, கால் தன் பாட்டுக்கு வேறு பக்கம் போனது. விழுந்த சத்தம் பிரின்சிபால் உட்கார்ந்திருந்த இடம் வரை கேட்டிருக்கும். கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது.

நானும் இன்னொருத்தியும் அவளைத் தூக்கி வந்து பெஞ்சில் உட்கார வைத்தோம். ஐஸ் வைக்க ஷூவைக் கழற்றினேன். அடியில் இருந்து இரண்டு விதைகள் என் மடியில் விழுந்தன. பி.டி.யும் பார்த்தார், அப்பாவும் பார்த்தார்.

அப்பா நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: "நல்லவேளை உடைச்சோம் மேடம். இல்லன்னா காலே முறிஞ்சிருக்கும்."

"எவ்வளவு கெட்ட கண்ணு பாருங்க சார்" என்றார் பி.டி.

இரண்டு பேரும் படித்தவர்கள்.

6. மாற்று ஆள்

ஷில்பாவுக்குப் பதில் இறங்கியவள் நாகவேணி. குட்டையான பெண். கூடையில் போடத் தெரியாது. போடலாம் என்ற ஆசையும் இல்லை. பந்து கையில் இருந்தால் யாராவது வந்து இடித்துவிடுவார்கள் என்று பயம். அதனால் நடுக்கோட்டைத் தாண்டியதும் சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவதுபோல உயரமான ஆள் யார் என்று பார்த்து வீசிவிடுவாள். உயரமான ஆள் ரோஸ்லின்.

முதல் பந்து வந்தபோது ரோஸ்லின் திகைத்து நின்றுவிட்டாள். கையில் இருப்பதை நம்பவே இல்லை.

"போடுடீ!" என்று நாகவேணி கத்தினாள். "என்கிட்ட மட்டும் திருப்பிக் குடுத்துடாதே!"

ரோஸ்லின் போட்டாள். உள்ளே போனது. அடுத்ததும் போனது. எதிரணி அவள் மேல் இரண்டு பேரை நிறுத்தியபோது, அவள் வெளியே காலியாக நின்றவளிடம் பந்தைத் தள்ளினாள். அவளும் போட்டாள். எங்கள் கோர்ட்டில் அந்த சீசனில் ஐந்து பேர் ஆடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. போர்டில் எண்ணை மாற்றி மாற்றி என் கைக்கு ஓய்வே இல்லை. நாங்கள் ஜெயித்தோம். ரோஸ்லின் ஓடிவந்து நாகவேணியை இடுப்போடு தூக்கிவிட்டாள்.

பிரின்சிபால் எழுந்து வந்து பி.டி.யிடம் கேட்டார்: "யாரு அந்த உயரமான பொண்ணு? இத்தனை நாள் எங்க இருந்தா?"

"நான்தான் மேடம் வெளியில காட்டாம தயார் பண்ணி வச்சிருந்தேன்" என்றார் பி.டி. கொஞ்சம்கூடக் கூச்சம் இல்லை. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

"ஹாஸ்டல்லதானே இருக்கா? நல்லாப் பாத்துக்குங்க."

பிரின்சிபால் அப்படிச் சொன்ன பிறகு அறையைப் பற்றி யார் பேசுவார்கள்? ஈட்டிப் பெண்ணுக்கு வேறெங்கோ இடம் பார்த்தார்கள்.

மற்றபடி யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. ஷில்பாவின் கால் சரியானதும் நாகவேணி பெஞ்சுக்குப் போனாள். அடுத்த ரவுண்டில் ஷில்பா தனியாகச் சுற்றினாள், தனியாகத் தோற்றாள், மற்ற நாலு பேரும் கூடவே தோற்றார்கள். அந்த முறை பஸ்ஸில் பி.டி. குற்றம் சொன்னது எதிரணி ஜெர்சியின் கறுப்பு நிறத்தை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சீசன் ஆரம்பத்தில் ஒருத்தி முப்பது பாயிண்ட் போட்டாள் என்று கேள்விப்பட்டால் உடனே கைதட்டாதீர்கள். எதிரில் நின்றவர்கள் யார் என்று பாருங்கள். அவள் பந்தை யாருக்காவது கொடுத்தாளா என்று பாருங்கள். கோர்ட் வாசலை, யார் என்ன சொன்னாலும், கூட்டிவிடுங்கள்.

தசரா லீவுக்கு முதல் நாள் ரோஸ்லின் கொள்ளேகால் பஸ் பிடிக்கக் கிளம்பினாள். கையில் ஒரு சின்னத் துணிப்பை மட்டும். "மத்ததெல்லாம் ரூம்லயே இருக்குதுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த சீசனில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அதையும் யாரும் யோசித்துச் செய்யவில்லை. யோசித்துச் செய்திருந்தால் அவள் பெட்டி படுக்கையோடு போயிருப்பாள்.