ஆட்டிடம் கேட்ட உத்தரவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சைவம் இல்லை. பதுளையில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் ஆட்டிறைச்சி வாங்கி, மிளகு தட்டிப் போட்டு வறுத்துத் தின்பேன். "இவ்வளவும் தின்னுட்டு ஒனக்கென்ன ஆட்டு மேல எரக்கம்?" என்று தங்கச்சிகூட ஒருமுறை கேட்டிருக்கிறாள். ஆனால் இறைச்சிக் கடைக்காரர் ஆட்டிடம் சம்மதம் கேட்பதில்லை. சாமிக்கு வெட்டும்போது நாங்கள் கேட்கிறோம். எனக்கு எரிச்சலே அங்கேதான்.

தங்கச்சி அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் வீட்டுக்காரர் அங்கேயே கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலை உயர்ந்து முற்றிப்போனால் அதை முழங்கால் உயரத்துக்குத் தறித்துவிடுவார்கள், அதுதான் கவ்வாத்து. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏழாம் நம்பர் மலையில் அவரைக் குளவி கொட்டியது. ஓடித் தப்ப முடியாத சரிவு. கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பதுளை ஆஸ்பத்திரியில் தங்கச்சியோடு நான்தான் இருந்தேன். அவர் முகத்தில் கண் எது, வாய் எது என்று தெரியவில்லை. டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லாமல் போய்விட்டார். தங்கச்சி வராந்தாவிலேயே மண்டி போட்டாள். "உசுருக்கு உசுரு தாரேன் சாமி. அந்த மலையில கவ்வாத்து தொடங்குற அன்னைக்கு ஒனக்குக் கெடா வெட்டுறேன். இவர மட்டும் திருப்பிக் குடுத்துரு" என்றாள்.

அவர் பிழைத்துவிட்டார். இடது காது மட்டும் மந்தமாகிப்போனது.

நேர்ந்த கடாவைக் குட்டியாக வாங்கி வந்தாள். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை. பேர் வைக்கவில்லை. பேர் வைத்தால் பிறகு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "டேய்" என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் அது எந்தப் பிள்ளைக்கும் கிடைக்காத வளர்ப்பு. சாமி ஆடு சுத்தமாக இருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தவறாமல் மலை ஊற்று குழாய் வழியாகக் கொட்டுகிற பீலியடிக்குக் கூட்டிப்போய், விழுகிற தண்ணீரில் நிறுத்திக் குளிப்பாட்டுவாள். காலையில் அது எழும்பாமல் படுத்துக் கிடந்தால், குனிந்து காதுக்குள் ஊதுவாள். உடனே அது தலையைப் படபடவென்று ஆட்டும். காது இரண்டும் கன்னத்தில் அடிக்கிற சத்தம் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் போகும்போதெல்லாம் எனக்கும் ஒருமுறை செய்து காட்டுவாள்.

கவ்வாத்துக்கு நாள் குறித்ததும் லீவு போட்டுவிட்டுப் போனேன். முதல் நாள் அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "பொங்கல் வெச்சிக் கும்பிட்டா சாமி ஏத்துக்காதா? பெரிய கோயில்ல வெட்டுறத நிப்பாட்டி எவ்வளவு காலமாச்சு?"

"பெரிய கோயில்காரங்களையா குளவி கொட்டிச்சு?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா, நாளைக்கு அவரு அதே மலைக்குக் கத்தி எடுத்துக்கிட்டுப் போறாரு. கடன வெச்சிக்கிட்டு நான் எப்புடி அவர அனுப்புறது? நீ வாய மூடிக்கிட்டு இரு."

அவள் கண்ணைப் பார்த்த பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்துக்குத்தான்.

மறுநாள் காலையில் மலையில் பூந்தூறல். மலைச்சாமி என்பது ஏழாம் நம்பர் ஓரத்தில், சவுக்கு மரங்களுக்கு அடியில் நட்டு வைத்த கல். அதற்கு முன்னால் கவ்வாத்துக் கத்திகளை வரிசையாக வைத்துச் சந்தனம் தடவியிருந்தார்கள். வழக்கமாக இந்தப் பூசைக்குத் அடிக்கிற தப்பு மேளச் சத்தம், ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயம் வரைக்கும் கேட்கும். அன்று தப்பைக் கொண்டுவரவே இல்லை. சாம்பிராணிப் புகையும் போடவில்லை. காரணம், இரண்டு மரம் தள்ளி ஒரு கிளையில் குளவிக் கூடு தொங்கியது. தங்கச்சி வீட்டுக்காரரைக் கொட்டிய பழைய கூட்டை அப்போதே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார்கள். குளவிகள் பக்கத்திலேயே புதிதாகக் கட்டிக்கொண்டன. சொல்லிச் சொல்லிப் பார்த்தும் அதை எடுக்க யாரும் வரவில்லை. அதனால் எல்லோரும் குசுகுசுவென்றுதான் பேசினார்கள். செத்த வீட்டில்கூட எங்கள் ஆட்கள் அவ்வளவு அடக்கமாக இருந்து நான் பார்த்ததில்லை.

கடாவுக்கு மாலை போட்டுக் கல்லுக்கு எதிரே நிறுத்தினார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். ஆடு உடம்பைச் சிலுப்பித் தலையை ஆட்டினால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். யாரும் அதைத் தொடக்கூடாது, தானாக ஆட்ட வேண்டும். எனக்குத் தெரிந்து எந்த ஆடும் மறுத்ததில்லை. அந்தக் குளிரில் அந்தத் தண்ணீரை ஊற்றினால் தோட்டத்துத் துரையே தலையை ஆட்டுவார்.

இது ஆட்டவில்லை.

இன்னொரு செம்பு ஊற்றினார்கள். வாயில் வழிந்த தண்ணீரை நக்கிக்கொண்டது. கழுத்தில் கிடந்த மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியை எட்டிக் கடித்தது. வெள்ளிக்கிழமை தோறும் பீலித் தண்ணீரில் நின்று வளர்ந்த ஆட்டுக்கு ஒரு செம்புத் தண்ணீர் எந்த மூலைக்கு? சாமிக்கென்று பார்த்துப் பார்த்து வளர்த்ததே வினையாகிவிட்டது. எனக்கு அது புரிந்தது, சிரிப்புக்கூட வந்தது. தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

மூன்றாவது செம்பும் வீணாகப் போனது. தூறல் விழுகிற சத்தமும், மேலே கூட்டின் இரைச்சலும்தான் கேட்டன. வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை மலையைப் பார்ப்பதும் கூட்டைப் பார்ப்பதுமாக நின்றார்.

"நேந்த வீட்டுல யாருக்கோ மனசு சுத்தமில்ல" என்றார் பூசாரி.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். லயத்தில் வீட்டுக்கு வீடு நடுவே இருக்கிற காம்பராச் சுவர் எவ்வளவு மெல்லிசு என்பதை நான் டவுனுக்குப் போய் மறந்துவிட்டிருந்தேன். முந்தின நாள் நான் கேட்டது லயத்துக்கே தெரிந்திருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதுக்கு வேணாமாம். நீங்கதானே கேட்டீங்க? அது சொல்லிருச்சு. அவுத்து விடுங்க" என்றேன்.

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எல்லாத் தலைகளும் ஒரேயடியாகக் கூட்டின் பக்கம் நிமிர்ந்தன. தங்கச்சி வீட்டுக்காரர் மட்டும், கேட்காத காதைச் சாய்த்துக்கொண்டு, "என்ன சொல்றாங்க? என்ன?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பூசாரி என்னைச் சட்டை செய்யவில்லை. தங்கச்சியிடம் மெதுவாகச் சொன்னார். அவரும் பயந்துதான் போயிருந்தார். "கெடா வேணாங்குதுன்னா, சாமி வேற என்னமோ கேக்குதும்மா."

தங்கச்சி தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் இன்னும் "என்ன?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்க் கடாவுக்கு முன்னால் மண்டி போட்டாள். இரண்டு கையையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கூப்பினாள். தொடவில்லை. "டேய்" என்றாள். அது மாலையைத் தின்பதை விட்டுவிட்டு முகத்தை அவள் பக்கம் கொண்டுவந்தது.

அவள் குனிந்து அதன் காதுக்குள் ஊதினாள்.

படபடவென்று தலையை ஆட்டியது. காதுகள் அடிக்கிற அதே சத்தம். மஞ்சள் தண்ணீர் அவள் முகமெல்லாம் தெறித்தது.

"உத்தரவாயிருச்சு" என்று கூட்டம் பெருமூச்சு விட்டது. அவள் ஆட்டிடம் கெஞ்சினாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவள் எழுந்து என் பக்கம் வந்து சேர்வதற்குள் வெட்டு விழுந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் ஜில்லென்று இருந்தது. ரத்தத்துக்கு இரண்டு குளவிகள் இறங்கி வந்தன. அவை உட்கார்ந்து எழுந்து போகும் வரை ஒருவரும் அசையவில்லை.

அன்று கறி எனக்கு இறங்கவில்லை. திடீரென்று புண்ணியவதியாகிவிட்டேன் என்று இல்லை. கேட்பதென்றால், வேண்டாம் என்ற பதிலுக்கும் இடம் வைத்துக் கேட்க வேண்டும். அந்த இடம் அங்கே எப்போதுமே இருந்ததில்லை. சம்மதம் கேட்கிறோம் என்று சொல்லி எங்கள் மனதைத்தான் கழுவிக்கொண்டிருந்தோம். இதற்கு அந்த ஆடு நம்பிய ஒரே வாயை வைத்தே ஊத வேண்டியதாகிவிட்டது. தங்கச்சியை எனக்குத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொண்டு அழவும் முடியவில்லை. அவள் எல்லோருக்கும் பரிமாறினாள், ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் முதல் நாள் கவ்வாத்தை முடித்துவிட்டு நல்லபடியாக வந்தார். பீலியடியில் நாங்கள் இருவரும் சட்டி கழுவிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டார். உடம்பு சிலிர்த்தது. மந்தக் காதுக்குள் தண்ணீர் போயிருக்க வேண்டும், தலையைச் சாய்த்துப் படபடவென்று ஆட்டினார்.

தங்கச்சி கையிலிருந்த சட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவர் தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "ஆட்டாதீங்க! தலைய ஆட்டாதீங்க!"

"குளுருதுடி" என்று சிரித்தார் அவர்.

அதன் பிறகு அவருக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல் கிடையாது. ஏழாம் நம்பரில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளைக் கட்டுக் கட்டாகச் சுமந்து வந்து, தினமும் வெந்நீர் காய வைக்கிறாள். "இத்தன வருஷத்துக்குப் பொறகு எம் பொண்டாட்டிக்கு எம்மேல பாசத்தப் பாத்தீங்களாக்கா" என்று போன மாதம் என்னிடம் பெருமையடித்துக்கொண்டார். நான் ஆமாம் என்றேன். அவள் எங்களைக் கவனிக்கவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு, அவர் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.