எங்கள் பெட்டியில் ஒற்றை ஓட்டு

அன்றைக்குக் கோயில் வாசலில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போதும் வரிசையாகச் சொல்வேன். அப்பா, அம்மா, பெரியப்பா, அம்மாவின் தம்பியான மாமா, பூசாரி, கீழேயிருந்து மூச்சு வாங்க ஏறி வந்த மண்டிக்காரர், அவருக்குக் குடை பிடித்த ஆள், ஓட்டுப் போட்ட ஊர்ச்சனம் மொத்தமும். ஓட்டு இல்லாதவர்கள் என்று பார்த்தால் நானும் எங்கள் இரண்டு குதிரைகளும்தான்.

கொடைக்கானலிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கினால் எங்கள் ஊர். ரோடு கிடையாது. ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும், ஊர் முழுக்கச் சாமி இடம். விளைகிற காப்பிக்கொட்டையும் எலுமிச்சையும் அப்பாவின் குதிரைகள்மேல்தான் கீழே போகும். அதை வாங்கிக்கொள்கிறவர் மண்டிக்காரர். கட்சிக்கும் அவர்தான் ஆள். அந்தப் பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்னால் வந்து, "ஒரு ஓட்டுகூடச் சிந்தாமப் போட்டுருங்க, ரோடு என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முந்தின தேர்தலிலும் இதையேதான் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு, டோலி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாதி வழியிலேயே அவனைத் துணியால் மூடித் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஓட்டு மெஷின் எங்கள் குதிரைமேல் ஏறித்தான் ஊருக்கு வந்தது. மறுநாள் ஓட்டு. அன்றைக்கென்று பார்த்து மண்டிக்காரர், லோடு அவசரம் என்று சொல்லி அனுப்பினார். வெள்ளனே மூட்டை ஏற்றிக் கிளம்பிய அப்பா, திரும்பும்போது மழையில் ஓடை பெருகி அக்கரையில் மாட்டிக்கொண்டார். மெஷினை மூடி அரக்கு வைத்த பிறகுதான் நனைந்து வந்து சேர்ந்தார்.

எண்ணுகிற அன்று மாமா டவர் கிடைக்கிற பாறைமேல் போனோடு ஏறிக்கொண்டார். மற்றவர்கள் கீழே நின்றார்கள்.

"யாரு மாப்பிளை முன்னாடி?" என்று பெரியப்பா கத்தினார்.

"ஒரு டிவிக்காரன் ஒண்ணு சொல்றான், இன்னொருத்தன் வேற சொல்றான். எண்ணிட்டுச் சொல்றாங்களா எண்ணாமச் சொல்றாங்களான்னே தெரியலை!"

"நம்ம ஊரு ஓட்டு என்னாச்சுன்னு கேளு."

"ஆமா, டெல்லியில நம்ம ஊரைப் பத்தித்தான் பேசிக்கிட்டு கெடக்காங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. நாம் போட்டது எங்கே போய்ச் சேர்ந்தது என்று நமக்கு ஒருத்தன் வந்து சொல்ல வேண்டாமா என்று வெகுநேரம் புலம்பிக்கொண்டிருந்தார். அவர் ஆசை வெரசாகவே நிறைவேறியது. அடுத்த நாளே மண்டிக்காரர் வந்து சொன்னார்.

சீட்டில் முத்திரை குத்திய காலத்தில் எல்லா ஊர்ச் சீட்டையும் ஒன்றாய்க் கலந்து எண்ணுவார்களாம். மெஷின் வந்த பிறகு ஒவ்வொரு ஊர் மெஷினையும் தனித்தனியாக மேசையில் வைத்துப் பார்க்கிறார்கள். கட்சிக்காரர்கள் எதிரே உட்கார்ந்து குறித்துக்கொள்கிறார்கள். பட்டணத்தில் அது வெறும் கணக்கு. எங்கள் ஊர் மாதிரிச் சின்ன ஊரில் அது ஆள் அடையாளம். மண்டிக்காரரின் ஆள் ஜெயித்தும் விட்டார். ஆனால் எங்கள் பெட்டியில் எல்லா ஓட்டும் ஒரு பக்கம், ஒரே ஒரு ஓட்டு எதிர்ப்பக்கம்.

"கட்சிக்காரங்க அத்தனை பேரு முன்னாடியும், ஒருத்தன் தப்பாம எல்லாம் நம்ம ஓட்டுன்னு அடிச்சுச் சொல்லியிருந்தேன். அந்த ஒண்ணு யாரு? தெரிஞ்சாத்தான் ரோட்டுப் பேச்சு" என்றார் மண்டிக்காரர்.

சூடம் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும் என்று முடிவானது. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, 'நான் இல்லை' என்று சொல்ல வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் பெற்ற பிள்ளையைத் தாக்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. பெரியப்பா அடித்தார். மாமா அடித்தார். ஒவ்வொரு தடவையும் பூசாரி புதுச் சூடம் கொளுத்தினார். அம்மாவின் முறை வந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நகம் பதிகிற பிடி.

"சூடம் வேண்டாங்க. நாந்தான் மாத்திப் போட்டேன்."

சொன்னது அப்பா. குதிரைக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நீயா? எங்கிட்டயே லோடு அடிச்சுப் பொழைச்சுக்கிட்டு?" மண்டிக்காரர் குடையைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். "இனி உன் குதிரை என் மண்டிப் பக்கம் தலைகாட்டக் கூடாது, ஆமா."

மாமா என்னவோ சொல்ல வாயெடுத்தார். பெரியப்பா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். எரிந்துகொண்டிருந்த கடைசிச் சூடத்தைப் பூசாரியே அடித்து அணைத்தார். கூட்டம் சட்டென்று கலைந்தது.

ரோடு வரவில்லை. அப்பாதான் ரோட்டைக் கெடுத்தவர் என்று ஆனது. குதிரைகள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்த என் படிப்பு அந்த வருஷமே நின்று, பூண்டு உரிக்கிற கொட்டகைக்குப் போனேன். கூட உரித்த பிள்ளைகள் என்னை 'ஒத்த ஓட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பாவின் மேல் எனக்குத் தீராத கோபம்.

இப்போது டவுனில் குடியிருக்கிறேன். ஓட்டுப் போடப் போனால், மை வைக்கிறவரிடம் முதலில் கேட்பேன்: "இந்தப் பூத்துல நெறையப் பேரு இருக்காங்களாங்க?" அவர் சிரிப்பார். நிறையப் பேர் என்று தெரிந்தால்தான் பொத்தானை அழுத்தக் கை வரும். அழுத்திவிட்டு வந்த பிறகும் ராத்திரி தூக்கம் கிடையாது. என் மகன் போனைக் காட்டி, "எந்தப் பூத்துல யாருக்கு எத்தனைன்னு எல்லாம் நெட்லயே கெடக்கும்மா, ஒளிவு மறைவே இல்லை, நல்லதுதானே" என்கிறான். நல்லதுதான். எண்ணியதைச் சொல்லாமல் மறைத்தால் நடுவில் எவன் கை வைத்தான் என்று யாருக்குத் தெரியும்? இருந்தாலும் அடுத்த தேர்தலிலும் மை வைக்கிறவரிடம் அதையேதான் கேட்பேன்.

போன தடவை என் விரலில் மை வைத்தபோதுதான் அது ஞாபகம் வந்தது. கோயிலிலிருந்து இறங்கும்போது அப்பா என் கையைப் பிடித்திருந்தார். சூடத்தை அடித்தவர்களின் இடது கை விரலில் எல்லாம் நகத்தோடு ஓட்டு மைக் கோடு இன்னும் கறுப்பாக இருந்தது. அப்பாவின் விரல் சுத்தமாக இருந்தது. நான் அதைப் பார்த்தேன். ஊரே பார்த்தது. அவர் ஓடைக்கு அக்கரையில் நின்றது தெரியாத ஆள் ஊரில் கிடையாது. லோடு இறக்கிவிட்டுப் போனவர் நேரத்துக்குத் திரும்பி ஓட்டுப் போட்டிருப்பார் என்று மண்டிக்காரர் மட்டும்தான் நினைத்துக்கொண்டார். ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை, அப்பா 'நாந்தான்' என்றதும் என் தோளில் அம்மாவின் பிடி ஏன் தளர்ந்தது என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அந்த ஓட்டைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒவ்வொரு தேர்தல் முடிவு அன்றும், யார் முன்னிலை என்று டிவி கத்திக்கொண்டிருக்கும்போது, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வாள்:

"ஓட்டு அன்னைக்கு உங்கப்பா இறக்குன லோடுக்கு அந்த மண்டிக்காரன் இன்னும் எண்ணூறு ரூவா தரணும்."