பஞ்சாயத்து ரேடியோவின் பின் ஜன்னல்

வருஷம் பிறந்தால் ரேடியோ லைசென்ஸுக்குத் தபாலாபீசில் பணம் கட்டவேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். காற்றில் வருகிறதற்கு எதற்குக் காசு என்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. நாலு பேர் நடுவே வாய் திறந்து பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது. பக்கத்தில் நிற்கும் என் மனைவிதான், "கட்டுறதச் சந்தோசமாக் கட்டுங்க" என்பாள். அவள் அப்படிச் சொல்லக் காரணம் உண்டு. அது எங்கள் வீட்டுக்கு டிரான்சிஸ்டர் வருவதற்கு முந்திய கதை.

குளத்தூருக்கு மேற்கே எங்கள் ஊர். மழையை நம்பிக் கடலையும் கேழ்வரகும் போடுகிற பூமி. அப்போது கரண்ட் வரவில்லை. பஞ்சாயத்து ஆபீசுக்குச் சர்க்கார் ஒரு ரேடியோ கொடுத்திருந்தது. பேட்டரியில் ஓடுகிற பெட்டி. ஒரே ஒரு நிலையம்தான் எடுக்கும். மற்றதைத் திருப்ப முடியாதபடி அடைத்தே கொடுத்திருந்தார்கள். பஞ்சாயத்தும் வருஷத்துக்கு ஒரு தொகை அதற்குக் கட்டிவந்தது.

அந்தப் பெட்டியைச் சாயங்காலம் போட்டு, நிகழ்ச்சி முடிந்ததும் நிறுத்துகிற வேலை எனக்கு வந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிரசிடெண்ட் என்னைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம் இன்னும் நினைவிருக்கிறது. "அவன்தான் யாருகிட்டயும் பேசமாட்டான். பெட்டியாச்சும் பேசட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கூட்டத்தோடு இருக்கலாம், ஆனால் பேசவேண்டியதில்லை.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணமாயிற்று. வயது முப்பதை ஒட்டிவிட்டது. பெண் பொன்னமராவதிப் பக்கம். அவளும் என்னைப் போலவே அதிகம் பேசாதவள் என்று பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். இரண்டு ஊமைகளைச் சேர்த்து வைத்தால் வீடு எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. அவள் சோறு வைப்பாள், நான் சாப்பிடுவேன். "போதுமா?" என்பாள். "போதும்" என்பேன். அத்தோடு அன்றையப் பேச்சு தீர்ந்துவிடும். கோபமெல்லாம் இல்லை. என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை.

புதுப் பைசா வந்த சமயம் அது. ஒரு நாள் சோறு வைத்துவிட்டு அவள் போகாமல் நின்றாள்.

"ஏங்க, ஒரு அணாவுக்கு ஆறு பைசா, ரெண்டணாவுக்குப் பன்னெண்டுன்னு ரேடியோவுல சொன்னாகல்ல? அப்பிடின்னா நாலணாவுக்கு இருவத்தி நாலுதான வரணும்? எப்பிடி இருவத்தஞ்சுங்கிறாக?"

எனக்குத் தெரியவில்லை. "தெரியலையே" என்றேன். பிறகுதான் இன்னொன்று உறைத்தது. "நீ எங்க கேட்ட?"

"ஆபீசுக்குப் பின்னாடி நின்னுதான்."

ஆபீசுக்கு முன்னால் உள்ள மந்தைத் திடலில் ஆண்கள்தான் உட்காருவார்கள். பெண்கள் அங்கே வருவது வழக்கமில்லை. பின்பக்கச் சந்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிற சாக்கில் அவர்கள் நின்று கேட்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மறுநாள் பெட்டியைப் போடுவதற்கு முன் ஆபீசின் பின் ஜன்னலைத் திறந்துவைத்தேன். துருப்பிடித்த கொக்கி, தட்டித்தான் கழற்றவேண்டியிருந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு வந்தது. நாடகத்தில் அந்த மாமியார் பேசியது நியாயமா, புளி விலை ஏறுமா, வாசிக்கிறவருக்கு ஏன் தொண்டை கட்டியிருக்கிறது என்று ஏதாவது கேட்பாள். நானும் பதில் சொல்லப் பழகினேன். நாலணாக் கணக்கு மட்டும் இருவருக்கும் கடைசிவரை சரியாக விளங்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அடுத்த வருஷம் ஒரு சேதி வந்தது. ரேடியோ ஆபீஸர் பார்வையிட வருகிறார். எந்த ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள், பெட்டியால் பயன் உண்டா என்று பார்ப்பார். பயனில்லாத ஊரிலிருந்து பெட்டியை எடுத்து, கேட்டுக்கொண்டிருக்கிற வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள். இதைப் பிரசிடெண்ட் மந்தையில் சொன்னபோது டீக்கடைக்காரர், "எடுத்துக்கிட்டுப் போகட்டுமே. அதுக்குக் கட்டுற காசுக்குக் கெணத்துக்கு உருளை வாங்கிப் போடலாம்" என்றார். சிலர் தலையாட்டினார்கள்.

நான் வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "பெட்டி போயிருச்சுன்னா நம்ம என்ன பேசுறது?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அதன் பிறகு இருவருமே பேசவில்லை. பழையபடி அந்தப் "போதுமா, போதும்" திரும்பி வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள்.

ஆபீஸர் வருகிற நாளில் பிரசிடெண்ட் காலையிலிருந்தே பரபரத்தார். மந்தையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். மாலையும் இளநீரும் வந்தன. ஆடுகளை விரட்டினார்கள். பிரசிடெண்ட் பின் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இதை யாருப்பா தெறந்து வச்சது? குப்பைமேடு தெரியுதுல்ல? சாத்து" என்றார். நான் சாத்தினேன். சந்தில் நின்ற பெண்களையும் தலையாரி அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டார்.

ஆபீஸர் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். களைத்துப்போயிருந்தார். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"எத்தனை பேருங்க கேக்குறாங்க?"

"ஊரே கேக்குதுங்க" என்றார் பிரசிடெண்ட்.

"சரி, நேத்து விவசாய நிகழ்ச்சியில என்ன சொன்னாங்க? யாராவது சொல்லுங்க பாப்போம்."

மந்தையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து, "நல்லதாத்தாங்க சொன்னாக" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். டீக்கடைக்காரர், "மழை வரும்னாக, வரலைங்க" என்றார். சிரிப்பு எழுந்தது. ஆபீஸர் சிரிக்கவில்லை. உண்மை என்னவென்றால், மந்தையில் ரேடியோ ஓடும்போது ஆண்கள் அதைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தினமும் பார்க்கிறவன்.

ஆபீஸர் கடிகாரத்தைப் பார்த்தார். "நிகழ்ச்சி ஆரம்பிச்சிருக்குமே? ஏன் போடலை?"

பிரசிடெண்ட் எழுந்து கைகட்டி நின்றார். "நீங்க இருக்கறப்ப அது பேசுனா மரியாதையா இருக்குமாங்க? நாந்தான் போட வேணாம்னேன்."

ஆபீஸருக்குக் கோபம் வரவில்லை, சோர்வுதான் வந்தது. "ஐயா, ஒங்க மரியாதை பெருசுதான். ஆனா நான் பாக்க வந்தது அதைத்தானே? லைசென்ஸுன்னு சனங்க கட்டுற காசு, பஞ்சாயத்து கட்டுற காசு, எல்லாத்துக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை மேல கணக்கு சொல்லணும். பேட்டரி எவ்வளவு ஆச்சு, ரிப்பேர் எவ்வளவு ஆச்சு, எத்தனை பேரு கேட்டாங்க. கேக்காத பெட்டிக்குப் பேட்டரி போட்டா அது நஷ்டந்தானே? பக்கத்து ஊர்ல கேட்டு நிக்கிறாங்க." பையை எடுத்துக்கொண்டு, "பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

நான் மேசை ஓரத்தில் நின்றிருந்தேன். பின்னால்தான் நிஜமாகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லவேண்டும். நாக்கு எழவில்லை. அவர் படியில் இறங்கப் போகிறார் என்று தெரிந்ததும் நான் செய்யத் தெரிந்ததைச் செய்தேன். பின் ஜன்னலின் கொக்கியைத் தட்டித் திறந்தேன். பிறகு பெட்டியைப் போட்டேன்.

"ஏப்பா, ஒனக்கு என்ன?" என்றார் பிரசிடெண்ட்.

பெட்டி கொஞ்சம் இரைந்துவிட்டு நாதஸ்வரத்தை எடுத்தது. உடனே சந்திலிருந்து ஒரு குரல், "போட்டாகடி, வாங்கடி!" என்றது. ஓடிவருகிற கால்களின் சத்தம். குடத்தை இறக்கி வைக்கிற சத்தம். "தள்ளு ஆத்தா, எனக்கும் எடம் விடு." "நேத்து நீதான நின்ன?" "சும்மா இருங்கடி, வெலவாசி சொல்லப் போறாக."

ஆபீஸர் திரும்பிவந்து ஜன்னலருகே நின்றார். சந்தின் நீளத்துக்குப் பெண்கள். அவரைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள்.

"நீங்க தெனமும் கேப்பீங்களா?"

தலைப்புக்குள் தலைகள் ஆடின.

"நேத்து என்ன சொன்னாங்க? ஞாபகம் இருக்கா?"

யாரோ யாரையோ முழங்கையால் இடித்தார்கள். பிறகு ஒரு குரல் வந்தது. "கடலைச் செடி எலையில கருப்புப் பொட்டு விழுந்தா மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சு அடிக்கச் சொன்னாகங்க."

அது என் மனைவியின் குரல். வீட்டில் எனக்கு மட்டும் கேட்கும்படி பேசுகிற அதே குரல், இப்போது மந்தைக்கே கேட்டது.

"அளவு சொன்னாங்களா?"

"சொன்னாக. ஆனா ஒரே ஓட்டமா ஓடிட்டாரு அந்த ஐயா. எங்களுக்கு எழுதத் தெரியாதுங்க. அதனால ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சு மனசுல வச்சுக்குவோம். மயில்துத்தம் எங்கிட்ட இருக்கு. சுண்ணாம்பு இந்த அத்தைகிட்ட இருக்கு. தண்ணி அளவை வச்சிருந்தவ புள்ள அழுகுதுன்னு எந்திரிச்சுப் போயிட்டா. இப்ப தண்ணி இல்லாம நிக்கிறோம்."

"நா என்ன செய்வேன்? தேள் கொட்டுன மாதிரி அழுதான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆபீஸர் முதல் தடவையாகச் சிரித்தார். மந்தையும் சிரித்தது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அட, பின்னாடி ஒரு ஊரே இருக்கே!" என்றார்.

"முன்னாடி நீங்க போடுற சத்தத்துல எங்களுக்குப் பாதி கேக்குறதே இல்ல மாமா" என்றாள் என் மனைவி. பிறகு ஆபீஸரைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு, "அளவு சொன்னா ரெண்டு தடவ சொல்லச் சொல்லுங்க. கொஞ்சம் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்க. அது போதும்" என்றாள்.

"சொல்றேம்மா. நீங்க எந்த வீடு?"

புருஷன் பேரை அவள் சொல்லமாட்டாள். கொஞ்சம் யோசித்தாள். "பெட்டியத் திருப்புறவுக வீடு" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

ஆபீஸர் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை. "பாத்ததச் சொல்றேன். மேல என்ன முடிவு பண்றாங்களோ" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பெட்டி இந்த ஊருக்குத்தான் என்றால் புதுப் பேட்டரி வரும், இல்லையென்றால் பெட்டியை எடுக்க ஆள் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேட்டரியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இருந்த பேட்டரி நாளுக்கு நாள் இறங்கியது. பாட்டைக் குறைத்து, விவசாயத்துக்கும் செய்திக்கும் மட்டும் போட்டேன். சத்தம் மெலிந்தது. பெண்கள் சந்திலிருந்து ஜன்னலடிக்கு வந்தார்கள். அங்கும் கேட்காமல் போனபோது ஆபீசின் பக்கவாட்டுப் படிக்கு வந்தார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. ஆண்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பெட்டியை ஒட்டி உட்கார்ந்தார்கள். டீக்கடைக்காரர் இருமியதற்குப் பிரசிடெண்டே அதட்டினார். பிறகு எழுந்து, படியில் நின்ற ஒரு கிழவிக்குத் தன் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் அவள், "இன்னைக்கு வாசிக்கிறவரு கொசு மாதிரிப் பேசுனாரு" என்பாள். "நாளைக்கு அதுவும் இருக்காது" என்பேன். ஒரு நாள் நான் சும்மா, ரேடியோவில் வராத ஒன்றை, சின்ன வயதில் கண்மாயில் விழுந்து எழுந்ததைச் சொன்னேன். எப்படிச் சொல்ல ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அவள் தன் ஊரில் தன்னை முட்டிய மாட்டைப் பற்றிச் சொன்னாள். அன்றைக்குப் பெட்டி அரைகுறையாகத்தான் பேசியிருந்தது. அதை நாங்கள் இருவரும் கவனிக்கவே இல்லை.

கடலை பூக்கிற சமயத்தில் பஸ் கண்டக்டர் ஒரு கனமான அட்டைப்பெட்டியை என் கையில் இறக்கிவிட்டுப் போனார். தூக்கிப் பார்த்ததுமே பேட்டரி என்று தெரிந்துவிட்டது. மந்தை வரைக்கும் அதைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு போனேன்.

அன்று சாயங்காலம் பெட்டி கண்மாய்க் கரைவரை கேட்டது. பெண்கள் சந்துக்குத் திரும்பிப் போய்விடலாம், அவ்வளவு சத்தம். சிலர் போகவும் செய்தார்கள். என் மனைவி படியிலேயே நின்றாள். இலைப்பொட்டு மருந்தைப் பற்றி மறுபடியும் சொன்னார்கள். வாசித்தவர் மயில்துத்தம் இவ்வளவு என்றார். நிறுத்தினார். சுண்ணாம்பு இவ்வளவு என்றார். நிறுத்தினார். தண்ணீரைச் சொன்னார். பிறகு முழுவதையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னார். ஆபீஸர் போய்ச் சொன்னதால்தானா, வேறு யாராவது புதிதாக வாசிக்க வந்தார்களா, எனக்குத் தெரியாது.

"தண்ணி கெடைச்சிருச்சுடி!" என்று சந்திலிருந்து ஒருத்தி கத்தினாள்.

மந்தையே சிரித்தது. என் மனைவி அத்தனை பேர் நடுவே என்னை நேராகப் பார்த்தாள். நான் இந்தத் தடவை பெட்டியைப் பார்க்கவில்லை.