அன்று அடிக்காத மணி

காஜா பெராங்கில் ஓர் ஐஸ் ஆலையில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். ஆங்கிலம் படித்தவன் என்று இயந்திரப் பொறுப்பையும் முதலாளி தவுக்கே என்னிடமே விட்டிருந்தார்.

ஐஸ் உறைவது குழாய்களில் ஓடும் அம்மோனியாவால். அதனால் இயந்திரத்தைச் சட்டென்று நிறுத்த முடியாது. முதலில் அம்மோனியாத் தொட்டியின் வால்வை மூட வேண்டும். குழாயில் மிச்சமிருப்பதை இயந்திரம் உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பிய பிறகே சுவிட்சை அணைக்கலாம். நான் மணி அடித்தால் என் தங்கை கணவர் போய் வால்வை மூடுவார். மணி அடிக்காமல் யாரும் அதைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். இயந்திரம் தானாக நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நான் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டத்தன்று மதியம் கரண்ட் போய் இயந்திரம் நின்றது. அப்போதும் வால்வை மட்டுமாவது மூடியிருக்க வேண்டும். எனக்கு அது தெரியும். ஆனால் பாடாங் திடலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது; நான் புதுச்சட்டை போட்டிருந்தேன். அதுதான் நின்றுவிட்டதே, கிளம்புங்கள் என்று எல்லாரையும் விரட்டினேன். மணி அடிக்கவில்லை.

மறுநாள் காலை கரண்ட் வந்தபோது மீன்காரர்கள் வாசலில் கத்திக்கொண்டிருந்தார்கள். உடனே போடுங்கள் என்றேன். மாப்பிள்ளை சுவிட்சைப் போட்டார். குழாயில் தேங்கியிருந்த அம்மோனியா இயந்திரத்துக்குள் பாய்ந்து, அதன் தலைப்பகுதி வெடித்தது. நாங்கள் அவரை இழுத்து வந்து முகத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

வால்வு ஏன் திறந்திருந்தது என்று தவுக்கே கேட்டார். மணி அடித்தேன், அவர் மூடவில்லை என்றேன்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளை கண்கட்டோடு படுத்திருந்தார். தவுக்கே எனக்கு முன்பே வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார். என் குரல் கேட்டதும் மாப்பிள்ளை என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மணி அடிச்சிருக்கீங்க. பாடாங் போற குஷியில என் காதுல விழல போல, மச்சான்."

"போகட்டும் மாப்பிள்ளை. யாருக்கும் வர்றதுதான்," என்றேன்.

அவரை நான் மன்னித்தேன். ஒரு கண் போயிற்று. அவருடைய வேலை போகாமல் தவுக்கேயிடம் கெஞ்சியதும் நான்தான். அந்த நன்றியைச் சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் செமாபோக்கில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். "தாத்தா செஞ்ச தப்புக்கு இவர்தான் தவுக்கே கால்ல விழுந்தாரு," என்று பேத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

குடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.