ஒரே போன் நம்பரில் ஏழு கழனி

வில்லியனூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பஞ்சாயத்து. நெல் அறுக்கும் மெஷினை வாடகைக்கு விடுபவர்களுக்கு முன்பதிவு சாஃப்ட்வேர் செய்து தரும் சின்ன ஆபீஸ் அது. முதலாளி தணிகைவேல்தான் கோட் முழுவதையும் எழுதியவர். போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், பாகூர் பக்கத்துலேர்ந்து அஞ்சலை பேசறேன். நாங்க ஏழு பேரு பதிஞ்சோம். நாளைக்கு செல்வி கழனிக்கு மட்டும்தான் மெஷினுன்னு மெசேஜ் வந்திருக்குது. மத்ததுலாம் இன்னா ஆச்சி? நாளான்னிக்கு மழைன்றாங்க. குத்தகை நெலம் சார், நெல்லு சாஞ்சிதுன்னா என் பொழப்பே போச்சி."

கம்ப்யூட்டரில் பதிவுகள் சேரும் டேபிளைத் திறந்து பார்த்தேன். ஏழு பதிவும் குத்துக்கல் மாதிரி இருந்தன. மெஷின் போகும் வரிசையைத் தயாரிக்கும் இடத்தில்தான் ஆறு காணாமல் போயிருந்தன.

அங்கே ஓர் அசோசியேட்டிவ் அரே, அதாவது ஒவ்வொரு பெட்டிக்கும் கீ என்று ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டிய பட்டியல். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள் என்று போன் நம்பரைக் கீயாக வைத்திருந்தார் முதலாளி. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஏழு பேரும் அஞ்சலையின் நம்பரையே கொடுத்திருந்தார்கள். ஒரே கீயில் அடுத்தடுத்த கழனியை எழுத எழுத, முந்தையது அழிந்துகொண்டே வந்தது. கடைசியில் பதிந்த செல்வி மட்டும் மிஞ்சினாள். இதற்கு எர்ரர் எதுவும் வராது. எனக்கு எரிச்சலே அதில்தான்.

"ஆளுக்கொரு நம்பர் குடுக்கச் சொல்லும்மா. திரும்ப அதே நம்பர் வந்தா ரிஜெக்ட் பண்ணிடு" என்றார் முதலாளி என்னிடம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "ஏம்மா எல்லாரும் உங்க நம்பரையே குடுத்தீங்க?" என்று லைனில் இருந்த அஞ்சலையிடமே கேட்டேன்.

"ஏழும் ஒட்டினாப்ல இருக்குது பாப்பா. மெஷினு ரோட்டோரம் என் கழனில எறங்கி, அறுத்துக்கினே உள்ள போவணும். செல்வி கழனி கடைசி. அதுக்கு மட்டும் வந்தா எங்க பயிர மிதிச்சிக்கினுதான் போவும். அதான் எல்லாம் ஒரே நம்பரு."

"சார், அவங்க சரியாத்தான் குடுத்திருக்காங்க. ஒரு நம்பருக்கு ஒரு கழனின்னு நாமதான் முடிவு பண்ணிட்டோம்" என்றேன்.

"மொத நாளே வாயப் பாரு" என்றவர், சிரித்துக்கொண்டே கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

மாற்றியது நாலைந்து வரிதான். ஒரு நம்பர் முதல் தடவை வந்தால், அந்தக் கீயில் ஒரு காலி அரேயை, அதாவது காலிப் பட்டியலை, வைத்து இனிஷியலைஸ் செய்ய வேண்டும். பிறகு கழனியை அதற்குள் சேர்க்க வேண்டும். நம்பர் ஏற்கெனவே இருந்தால் மறுபடி காலி அரே வைக்கக் கூடாது, வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். ஏழும் வரிசையில் வந்து நின்றன. முதலாளி உடனே மெஷின்காரரை அழைத்து நாளைய வேலையை மாற்றிச் சொன்னார்.

கோட் எழுத வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எதைக் கீயாக வைப்பது என்று முடிவு செய்யும் முன், அதைக் கொடுக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மறுநாள் சாயங்காலம் அஞ்சலை அழைத்தார். "நெல்லுலாம் மூட்ட கட்டியாச்சி பாப்பா. அடுத்த போகத்துக்குப் பக்கத்துத் தெருக்காரங்களும் எங்களோட சேர்றேன்றாங்க. என் நம்பர்லயே போட்டுக்கலாமா?"

"போடுங்கம்மா. எத்தினி பேர் வந்தாலும் எடம் இருக்குது" என்றேன்.