ஸ்டாப்பிங் இல்லாத இடம்

அப்பா சீவலப்பேரி டவுன் பஸ் ஓட்டினார். அந்த வருஷம் வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் ஒரு சிறுமி குறுக்கே ஓடிவந்து அவருடைய பஸ்ஸில் அடிபட்டு இறந்துபோனாள். அப்பாமேல் தப்பில்லை என்று விசாரணையில் முடிவாகிவிட்டது. அவருக்குத்தான் முடியவில்லை. மாசக்கணக்கில் வீட்டிலேயே கிடந்தார். சோறு தின்னும்போதுகூட வலது கால் தரையை அழுத்தும். எட்டு வயதான என்னிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அப்பாவுக்கு லீவு என்றார்கள், நானும் சந்தோஷமாக இருந்தேன்.

திங்கட்கிழமை டியூட்டியில் சேராவிட்டால் வேலை போய்விடும் என்ற நிலையில், மாமா தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க அத்தான். பழகுன கையும் காலும் தானா ஓட்டும்" என்று சாவியை அப்பாவின் கையில் திணித்தார். அம்மாவும் நானும் ஏறிக்கொண்டோம்.

மாமா சொன்னது பலித்தது, கொஞ்சம் அதிகமாகவே. கார் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் போய் நின்றது. அப்பா நினைத்துச் செய்யவில்லை. கால் தன்பாட்டுக்கு மிதித்தது. கூடையோடு நின்ற பெண்கள் ஏறுவதா வேண்டாமா என்று விழித்தார்கள்.

"எறங்குத ஆளெல்லாம் எறங்கியாச்சு, எடுங்க" என்றாள் அம்மா. அப்பா ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தார். நான் கண்டக்டராகி விசிலடித்தேன். திங்கட்கிழமையைப் பற்றிய பயம் அம்மாவின் முகத்தில் கொஞ்சம் குறைந்திருந்தது.

வாய்க்கால் பாலத்துத் திருப்பத்தில் கார் குலுங்கி நின்றது.

"எப்பா, இங்கன ஸ்டாப்பிங் கிடையாதுல்லா" என்றேன்.

அப்பாவின் கால் பிரேக்கிலிருந்து எழும்பவே இல்லை. வருஷக்கணக்கில் பழகி வந்த கால் இதை மட்டும் ஒரே நொடியில் பழகிக்கொண்டிருக்கிறது.

"வண்டிக்கு அடியில ஒருக்க பாரு" என்றார் அம்மாவிடம்.

"அங்கன ஒண்ணும் இருக்காதுங்க. பைய வண்டிய எடுங்க."

"பாருன்னு சொல்லுதேன்லா."

அம்மா இறங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு இது நல்ல விளையாட்டாகப் பட்டது. நானே குதித்து இறங்கி, ரோட்டில் முட்டி போட்டு, டயருக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். பிறகு காருக்கு முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

"ஒண்ணுமே இல்லப்பா! போலாம் ரைட்!"

அப்பா ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு கதறினார்.

அம்மா ஆள் சொல்லி அனுப்பி, மாமா வந்துதான் காரைத் திருப்பி ஓட்டிப்போனார். அதற்குப்பிறகு அப்பா எந்த வண்டியையும் தொடவில்லை. ஒன்றும் இல்லை என்றுதானே சொன்னேன், அதற்குப் போய் ஏன் இப்படி அழுகிறார் என்று அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.